எண்ணும் பொருளும்

எண்ணுதல் என்னும் சொல் தமிழில் இரு பொருள் தருவது. கணக்கிடுதலும் எண்ணுதலே, நினைத்தலும் எண்ணுதலே. இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய மக்கள், கணக்கைச் சிந்தனையினின்றும் வேறாகக் கருதியிரார் என்று கொள்வதில் பிழையில்லை. எண்ணையும் எழுத்தையும் கண்ணுக்கு ஒப்பாகச் சொன்ன வள்ளுவரும் எண்ணையே முன்னே வைத்தார். ஆயினும், இன்று நம் இளஞ்சிறார்க்கு எண் புகட்டும் முறையை நோக்குங்கால், நினைத்தலாகிய எண்ணுதல் கழன்றுபோய், ஒப்புவித்தலாகிய எண்ணுதல் மட்டும் எஞ்சி நிற்பதைக் காண்கிறோம்.

ஜொகூர் மாநிலத்தில் எழுபதளவில் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டங்கள் மறைந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி, வீடமைப்புப் பகுதிகளின் நடுவே நிற்கின்றன. முதலாம் ஆண்டுக்கு வரும் பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் பெருமையுடன் சொல்வது, 'நூறு வரைக்கும் சொல்லும்' என்பதே. 'நூறு வரைக்கும் எண்ணும்' என்று எவரும் சொல்வதில்லை. மக்கள் வாயில் இயல்பாக வரும் இந்த வேறுபாட்டை ஆசிரியர்கள் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

இப்பொருள் பற்றி நம்மிடையே இரு கட்சிகள் உண்டு. பழைய வாய்பாட்டு முறையே சிறந்தது, எண்சுவடியை விட்டதனாற்றான் கணக்கு கெட்டது என்பது ஒரு கட்சி. ஓதுதல் வீண், பொருள்களைக் கையில் கொடுத்துப் பிரிக்கவும் அடுக்கவும் எண்ணவும் செய்தால் கணக்குத் தானே வரும் என்பது மற்றொன்று. இரு சாராரும் பாதியையே பார்க்கின்றனர் என்பது நம் துணிபு.

பழைய வழியை முதற்கண் ஆராய்வோம். திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த கணக்கேடுகளுள் முதன்மையானவை பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி என்பன. பொன்னிலக்கம் எண்களின் வரிசையைக் கூறுவது. 1/320 ஆகிய முந்திரி, 1/80 ஆகிய காணி, 1/20 ஆகிய மா முதலிய கீழ்வாய் எண்களும் அதில் அடங்கும். நெல்லிலக்கம் முகத்தலளவை பற்றியது. எண்சுவடி பெருக்கல் வாய்பாடு. இவற்றையெல்லாம் கிளிப்பிள்ளைப் பாடம் என்று இகழ்வது ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்துக் கல்வியாளர் வழக்கம். நம்மவரும் அவ்விகழ்ச்சியை ஆராயாமலே ஏற்றுக்கொண்டனர்.

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, தென்னாட்டின் எண்களையும் அளவைகளையும் பற்றி 2022இல் வெளியிட்ட ஆங்கில நூலில், இம்முடிபை மறுக்கின்றார். திண்ணையில் நடந்த மனப்பாடம் பொருளறியாத ஓதல் அன்று. நினைவையே கருவியாகக் கொண்ட ஒருவகைக் கற்றல். ஊர்க்கணக்கன், வணிகன், அளவுகாரன் ஆகியோரின் தொழிலோடு பிணைந்தது என்பது அவர் கருத்தின் சாரம். கணிதம் ஏட்டில் மட்டும் வாழ்வதன்று, அளப்பவன் கையிலும் வாழ்வது என்று அவர் காட்டும் பகுதியை நம் ஆசிரியர்கள் தவறாது படித்தல் நலம்.

நெல்லிலக்கத்தைப் பார்த்தாலே இவ்வுண்மை விளங்கும். 360 நெல் கொண்டது ஒரு செவிடு. 5 செவிடு ஓர் ஆழாக்கு. அதற்குமேல் 2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி என்று இரட்டித்தே செல்கிறது. 8 படி ஒரு குறுணி. 2 குறுணி ஒரு பதக்கு. 2 பதக்கு ஒரு தூணி. 3 தூணி ஒரு கலம். வெறும் ஓசையாகக் கேட்டால் இது சுமை. ஆழாக்கும் உழக்கும் உரியும் படியும் வீட்டு மூலையில் அடுக்கியிருக்க, தாய் அவற்றை முகந்து ஊற்றுவதைக் கண்ட பிள்ளைக்கோ இது தெரிந்த பொருளின் பெயர்ப்பட்டியல். கை முன்னமே அறிந்ததை வாய் பின்னர் வரிசைப்படுத்திற்று.

எண்சுவடிக் கட்சியார் மறப்பது இதனைத்தான். இது நெல், இது பதர், இது கல் என்று பிரிப்பதற்குத் திண்ணையில் தனிப்பாடம் இருந்ததில்லை. இருக்கத் தேவையும் இல்லை. அப்பாடம் களத்திலும் முறத்திலும் அடுப்பங்கரையிலும் நடந்து முடிந்திருந்தது. ஏடு அந்த வீட்டையும் அந்தக் களத்தையும் நம்பியே எழுந்தது. இன்று ஜொகூர் பாருவில் அடுக்குமாடி வீடொன்றில், அரிசி கல் பொறுக்கப்பட்டு நெகிழிப் பையில் வந்து சேரும் வீட்டில், வாய்பாட்டை மட்டும் பிய்த்தெடுத்து வைத்தால், அது தாங்கிநின்ற தூண் அங்கே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திண்ணையில் அமர்ந்தவர் யார்? பெண் பிள்ளைகள் மிக அரியர். தாழ்த்தப்பட்ட குடிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இடமே இல்லை. மலாயாத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவருள் பலர் அக்குடிகளைச் சேர்ந்தவர்களே. நெல்லை அளந்தவர்கள் அவர்கள். நெல்லிலக்கம் ஓதியவர்கள் வேறு. ஆகவே, 'நம் முன்னோர் எண்சுவடி கற்றுப் பெருமையுற்றனர்' என்று ஜொகூரில் மேடையேறிப் பேசுவோர், எந்த முன்னோர் என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளல் தகும்.

அவர்களுக்கு ஏடு இல்லாமற் போனாலும் கணக்கு இல்லாமற் போகவில்லை. மரம் சீவுவோர் தம் நிரையின் மரங்களை எண்ணாமலே விட்ட மரம் எதுவென அறிவர். புகையூட்டிய ரப்பர்த் தகடுகளைத் தெளிவும் கறையும் நோக்கித் தரம் பிரித்த பெண்கள் செய்தது வகைப்பாடன்றி வேறென்ன? இன்று செம்பனைக் குலை பழுத்ததா காயா என்று, உதிர்ந்த பழத்தையும் நிறத்தையும் கொண்டு முடிவுசெய்பவர் செய்வதும் அதுவே. அதிகாலைப் பெரட்டுக்குச் செல்லும் தாய் ஆயாக்கொட்டகையில் விட்டுச்சென்ற பிள்ளைகளுக்கு, கீழே உதிர்ந்து கிடந்த ரப்பர் விதைகளே விளையாட்டுப் பொருள்.

அவ்விதையைப் பற்றி ஒரு செய்தி. ரப்பர் காய் வெயிலில் வெடித்துச் சிதறும். பெரும்பாலும் ஒரு காய்க்கு மூன்று விதை. விதையின் மேலோடு தாய் மரத்தின் திசுவால் ஆனது. ஆதலின், ஒரு மரத்தின் விதைகளெல்லாம் ஏறத்தாழ ஒரே வடிவும் ஒரே புள்ளிக்கோலமும் கொண்டிருக்கும். விதையைக் கண்டே இன்ன வகை மரம் என்று துணிவது ரப்பர் ஆராய்ச்சியாளர் வழக்கம். பல மரத்து விதைகளைக் கலந்து கொட்டி, 'ஒரு தாய்ப் பிள்ளைகளைச் சேர்த்து வை' என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால், உண்மையான வகைப்பாடு ஒன்று அதன் கையில் நடக்கும். பச்சை விதை நஞ்சுடையது. வாயிலிடாமல் காத்தல் ஆசிரியர் கடன்.

இனி இரண்டாம் கட்சி. அதன் வேர் ஐரோப்பாவில் உள்ளது. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தைப் பெரும்பாலும் இந்தியாவில் கழித்தவர். அவருடைய எண்கோல்களும் மணிச்சரங்களும் நம்மவர்க்குப் புதியன அல்ல. சுவிட்சர்லாந்தின் பியாஜே, 1941இல் வெளியிட்ட நூலில், இனம் பிரித்தலும் வரிசைப்படுத்தலும் கூடிப் பிறப்பதே எண் என்றார். ஓதத் தெரிந்தது எண்ணத் தெரிந்ததாகாது என்பதற்குச் சான்று பலவுள. 1990இல் கேரன் வின் என்னும் அம்மையார் வெளியிட்ட ஆய்வில், சிறு குழந்தைகளிடம் 'மூன்று கொடு' என்பதுபோல் கேட்கப்பட்டது. பெயர்களை வரிசை தவறாமல் சொல்லும் குழந்தையும் ஒரு கைப்பிடி அள்ளிக் கொடுத்ததுண்டு. 'ஒன்று' என்பதன் பொருள் விளங்கி, பின் 'இரண்டு' விளங்கி, பின் 'மூன்று' விளங்கி, அதன் பிறகே எண்ணுதலின் கடைசிச் சொல் தொகையைக் குறிக்கிறது என்னும் தெளிவு வருகிறது. இச்சோதனையைச் செய்யச் செலவில்லை. பத்து விதையும் ஒரு தட்டும் போதும்.

மலேசியாவில் 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறைக்குள் கொண்டுவந்தது. 2010இலும் பின்னர் 2017இலும் வந்த பாலர் பள்ளிக் கலைத்திட்டங்கள், எண்ணுக்கு முற்பட்ட அனுபவம் என்று ஒரு பகுதி வகுத்து, இணைத்தல், இனஞ்சேர்த்தல், வரிசைப்படுத்தல், தோரணி காணல் ஆகியவற்றை அதில் வைத்தன. நோக்கம் நன்று. ஆனால் 'முற்பட்ட' என்னும் சொல்லில் ஓர் இடர் உளது. பிரித்தல் முடிந்த பின்னரே எண்ணுதல் என்று அதனைப் படிப்போர் உண்டு. 1978இல் கெல்மன், கலிஸ்டல் இருவரும் எழுதிய நூலுக்குப் பின் அப்படிப் படித்தல் பொருந்தாது. சிறு தொகைகளில் மிக இளம் குழந்தைகளும் ஒன்றுக்கு ஒன்றாக எண்ணும் நெறியை ஓரளவு கடைப்பிடிக்கின்றன என்று அவர்கள் காட்டினர். பிரிக்கும்போதே எண்ணலாம், எண்ண வேண்டியிருப்பதனாலேயே பிரிக்கலாம்.

வகுப்பறையில் இது எவ்வாறு வந்து சேர்கிறது என்பதே நம் கவலை. சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்றே நிறத்தில் நெகிழிக் கரடிகள் ஒரு பெட்டியில் வருகின்றன. குழந்தை நிறத்தால் பிரிக்கிறது. வேறெதனாலும் பிரிக்க முடியாது. ஐயமில்லை, வழக்கில்லை. பெட்டியை விற்றவனே பிரித்து முடித்துவிட்டான். குழந்தை செய்தது எடுத்து வைத்தல் மட்டும். அடுத்து வருவது பயிற்சித் தாள்: பழங்களின் படம், வட்டமிடுக, வண்ணந் தீட்டுக. பொருளைக் கையாளுதல் என்று தொடங்கியது பொருளின் படத்துக்கு மை தடவுதலாக முடிகிறது. 1997இல் அட்டல், ஸ்கடர், டிலோச் மூவரும் எழுதிய கட்டுரை இங்கு நினைக்கத்தக்கது. கையிற் கொடுத்த பொருள் தானே எண்ணைக் காட்டிவிடாது. அது இன்னொன்றைக் குறிக்கிறது என்பதைக் குழந்தை உணர வேண்டும். பொருள் அழகாகவும் விளையாடத் தக்கதாகவும் இருந்தால் அவ்வுணர்வு தடைப்படவும் கூடும் என்பது அவர்கள் எச்சரிக்கை. கரடியைக் கண்ட பிள்ளை கரடியோடு விளையாடுவதில் குற்றம் என்ன?

அவ்வாறாயின் குறை எங்கே? பொருள் இருக்கிறது, கை இருக்கிறது; சொல் இல்லை. 'ஏன் இதை இங்கே வைத்தாய்?' என்ற கேள்வி இல்லை. எதை எதனோடு ஒன்றாகக் கொள்வது என்பதே எண்ணின் முதற் கேள்வி. மாம்பழம் மூன்றும் ரம்புத்தான் இரண்டும் சேர்ந்து எத்தனை என்று கேட்டால், 'பழம்' என்னும் பெயர் கிடைக்கும் வரை விடை இல்லை. அப்பெயரைத் தருவது மொழி. எனவே, பிரித்தல் கணக்காசிரியர் வேலை மட்டும் அன்று. தமிழாசிரியர் வேலையும் ஆம்.

ஜொகூரில் வளரும் குழந்தையைச் சுற்றியுள்ள மொழிகளே பிரித்து எண்ணுகின்றன. மலாய்க்காரர் மூன்று பிள்ளைகளை 'தீகா ஓராங்' என்பர். மூன்று பூனைகளை 'தீகா ஏக்கோர்' என்பர். மூன்று பழங்களை 'தீகா பீஜி' என்பர். ஓராங் ஆள், ஏக்கோர் வால், பீஜி விதை. வெறும் 'மூன்று' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. எவ்வகைப் பொருளின் மூன்று என்று கூடவே சொல்கின்றனர். சீன மொழியும் இத்தகையதே. தமிழோ தன் வழியில் இதனினும் அடிப்படையான பிரிவொன்றை எண்ணுப் பெயரிலேயே வைத்திருக்கிறது. பொருள்கள் ஒன்று, இரண்டு, மூன்று. மக்கள் ஒருவர், இருவர், மூவர். தொல்காப்பியர் உயர்திணை அஃறிணை என்று உலகை இரண்டாகப் பகுத்தது இலக்கணம் மட்டுமன்று. அது பெரியதொரு பிரித்தற் பாடம். ஐந்து வயதுப் பிள்ளை 'மூன்று அண்ணன்' என்று சொன்னால், 'மூன்று பேர்' என்று தாய் திருத்துகிறாள். அப்போது அவள் கற்பிப்பது மொழியா, கணக்கா? கடைத்தெருவும் அப்படியே: பூ முழத்தில், வெற்றிலை கவுளியில், கீரை கட்டில், வாழைப்பழம் சீப்பில், சீப்புகள் சேர்ந்தால் தாரில். ஒன்றுகள் சேர்ந்து ஒரு பெரிய ஒன்றாவதை, பத்தின் இடமதிப்பு வருமுன்னரே, வாழைத்தார் காட்டிவிடுகிறது.

பியாஜேயின் புகழ்பெற்ற கேள்வி ஒன்று உண்டு: ஒரு கொத்தில் ஓர் இனப் பூ பலவும் வேறு பூ சிலவும் வைத்து, அந்த இனம் அதிகமா, பூக்கள் அதிகமா என்று கேட்பது. இதனைத் தமிழில் அப்படியே பெயர்த்து, 'மல்லிகை அதிகமா, பூ அதிகமா?' என்று கேட்டால் என்னாகும்? நம் வீடுகளில் 'பூ வாங்கி வா' என்றால் தலைக்குச் சூடும் மல்லிகையே வந்து சேரும். பேச்சு வழக்கில் பூ என்பதே பாதி மல்லிகை. குழந்தை திகைத்தால் குற்றம் அதன் அறிவிலன்று, கேள்வியிலே. கேள்வி அமையும் விதத்தால் விடை மாறுகிறது என்பதை 1974இல் மெக்காரிகிள், டொனால்ட்சன் இருவரும் வேறொரு சோதனையால் ஐரோப்பியக் குழந்தைகளிடமே காட்டினர். 'எல்லாப் பூவும் கட்டினால் மாலை பெரிதாகுமா, மல்லிகை மட்டும் கட்டினால் பெரிதாகுமா?' என்று கேட்டுப் பாருங்கள்.

2003ஆம் ஆண்டில் நாம் இழந்தது யாது என்பதும் இவ்விடத்தில் தெளிவாகும். அவ்வாண்டு முதல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்திலே கற்பிக்கப்படும் திட்டம் முதலாம் ஆண்டிலிருந்தே தொடங்கிற்று. 2009இல் அதனைக் கைவிடும் முடிவு வந்தது. 2012 முதல் படிப்படியே நீங்கிற்று. ஆங்கிலம் வேண்டும் வேண்டாம் என்னும் வழக்கு அன்று பெரிதாக நடந்தது. எண்ணின் பெயர்களைப் பற்றிப் பேசியவர் சிலரே. பதின்மூன்று என்பதில் பத்தும் மூன்றும் வெளிப்படக் கிடக்கின்றன. எழுதும் முறைப்படியே பத்து முன்னும் மூன்று பின்னும் நிற்கின்றன. ஆங்கிலத்தின் 'லெவன்', 'டுவெல்வ்' ஆகியவற்றில் பத்தைக் காண இயலாது. 'தர்ட்டீன்' என்பதில் மூன்று முந்திக்கொள்கிறது. மலாயிலும் 'தீகா பெலாஸ்' என்று மூன்றே முன் வரும். பத்து விதையை ஒரு குவியலாகவும் மூன்றைத் தனியாகவும் பிரித்து வைத்த குழந்தைக்கு, தான் செய்ததன் பெயரே 'பதின்மூன்று' என்று சொல்லித் தரும் வாய்ப்பு தமிழில் உண்டு. 

தமிழ் எங்கும் இப்படித் தெளிவானது என்று சொல்ல மாட்டோம். எண்பது கடந்த குழந்தைக்குத் தொண்ணூறு வந்து நிற்கிறது. அதில் ஒன்பதையோ பத்தையோ காணவில்லை, நூறு காதில் விழுகிறது. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது. இவற்றை ஒன்பது பத்து, ஒன்பது நூறு என்று குவித்துக் காட்டி, பெயரை மட்டும் தனியே மனப்பாடம் செய்விப்பதன்றி வேறு வழியில்லை. மனப்பாடத்தை வெறுப்போர் இதையும் எண்ணிப் பார்க்கட்டும். எண்களின் பெயர் வரிசை எந்தப் பொருளிலும் ஒளிந்திருப்பதன்று. கேட்டு ஓதியே பெற வேண்டும். வாய்பாடும் ஒருநாள் நினைவில் ஏறித்தான் ஆக வேண்டும். கை அறிந்த பின் ஏறட்டும் என்பதே நாம் சொல்வது.

நேரம் எங்கே, முப்பது பிள்ளைகளுக்கு முப்பது தட்டு எங்கே, கேள்வி கேட்டு நின்றால் பாடத்திட்டம் எப்போது முடியும் என்பர் ஆசிரியர்கள். அவர்கள் குறை பொய்யன்று. மேற்பார்வையாளர் கேட்பது நிரப்பிய தாளை. குழந்தை சொன்ன காரணத்தை ஒட்டிவைக்கக் கோப்பு இல்லை. எனினும், செய்ய வேண்டியது மிகுதி அன்று. வாரத்தில் இருமுறை, ஐந்து ஐந்து பிள்ளைகளாக, ஒரே குவியல் போதும். தமிழ்நாட்டில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், அட்டைகளும் படிநிலைகளுமாகப் பெரிய அமைப்பை வேண்டிற்று. அந்த அமைப்பே சுமையாயிற்று என்று ஆசிரியர் பலர் குறைகூறினர். அவ்வளவு ஏற்பாடு ஜொகூருக்குத் தேவையில்லை.

பொருளுக்கு நாம் அலைய வேண்டியதும் இல்லை. சாலையோரத்தில் நிற்கும் சாகா மரத்தடியில் உதிரும் சிவப்பு விதையை மலாய்ப் பிள்ளைகளும் நம் பிள்ளைகளும் ஒருங்கே பொறுக்குகின்றனர். அது நம் மஞ்சாடி. 2 குன்றிமணி எடை ஒரு மஞ்சாடி என்று பொன் நிறுத்த காலம் ஒன்று உண்டு. மலாய்ப் பொற்கொல்லரும் சாகா விதை கொண்டு பொன்னை நிறுத்தனர். விதைகள் ஏறத்தாழ ஒத்த எடையின என்பதனாலேயே அவை படிக்கல்லாயின. குன்றிமணியை மட்டும் வகுப்பில் சேர்க்கலாகாது. அது கொடிய நஞ்சு.

இவ்விதைகளைக் கொண்டே ஆடலாம். மலாயரின் சோங்காக் நம் பல்லாங்குழிக்கு உறவு. பக்கத்துக்கு ஏழு குழியும் குழிக்கு ஏழு விதையும் வைத்தால், இருபுறமும் சேர்ந்து 98. பல்லாங்குழியில் ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு. குழிக்கு உரியவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், தாமதித்தால் போயிற்று. அந்த நான்கை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை; கண்ணே எண்ண வேண்டும். ஆட்டம் முடிந்து விதைகளைத் திரும்ப ஏழேழாக நிரப்பும்போது, எனக்கு எத்தனை குழி நிறைந்தது, உனக்கு எத்தனை குறைந்தது, மிச்சம் எவ்வளவு என்று பிள்ளைகளே வழக்காடுகின்றனர். ஆசிரியர் அப்போது அருகிலிருந்து, யார் சரி என்று தாம் சொல்லிவிடாமல், 'எப்படித் தெரியும், காட்டு' என்று மட்டும் கேட்டால் போதும்.